சின்ன நாற்காலிக்கும் பெரிய நாற்காலிக்கும் நடுவே

சாகித்ய அகாதெமி தன்னுடைய முதன்மை விருதைத் தவிர வேறு சில விருதுகளும் கொடுக்கிறது. அவற்றில் ஒன்று பால சாகித்ய புரஸ்கார், இன்னொன்று யுவ புரஸ்கார். முதலாவதில் ‘பால’ என்பது வாசகரின் வயது. இரண்டாவதில் ‘யுவ’ என்பது எழுத்தாளரின் வயது, 35-க்குள் இருக்கணும். யுவ புரஸ்கார் வாங்கிய புத்தகத்தை ஒரு பதினைந்து வயசுப் பெண் படிக்கலாமா என்று யாரும் கேட்டதில்லை. கேட்கும்படி அந்தச் சொல் அமையவே இல்லை.

ஒரு சொல் இப்படி நழுவிப் போவதைப் பெரிய விஷயமாக்க வேண்டுமா என்று தோன்றலாம். ஆனால் இதே நழுவலை எந்த மாவட்ட மைய நூலகத்துக்குள் போனாலும் கண்ணால் பார்க்கலாம். நுழைந்தவுடன் சிறுவர் பகுதி. சுவரில் யானை, முயல், வண்ணம் பூசிய சின்ன நாற்காலிகள். அதைத் தாண்டினால் நாளிதழ் மேஜை, அங்கே ஓய்வுபெற்ற பெரியவர்கள். மாடியில் போட்டித் தேர்வுப் பகுதி. டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற அண்ணன்களும் அக்காக்களும் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள், சாப்பாட்டு டப்பாவோடு. சரி, பத்தாவது படிக்கிற ஒருத்தன் கதைப்புத்தகம் படிக்க எங்கே உட்காருவான்? சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்கும். பெரிய நாற்காலியில் உட்கார்ந்தால் “நீ எந்த எக்ஸாமுக்குப்பா படிக்கிற?” என்று கேட்பார்கள்.

பள்ளிக் கல்வித் துறை 2022-இல் தொடங்கிய இதழ்களையும் பாருங்கள். ‘ஊஞ்சல்’ நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு. ‘தேன்சிட்டு’ ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும். நல்ல முயற்சிகள்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்பதோடு நிற்கிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் கதை முடிந்தது. இனி பொதுத்தேர்வு, அப்புறம் நீட். மனசு தாறுமாறாகக் கேள்வி கேட்கிற மூன்று வருஷமும் கதை கிடையாது.

இந்தப் பின்னணியில்தான் சில வருடங்களாகப் புத்தக அட்டைகளில் ‘இளையோர் நாவல்’ என்ற சொல் தென்பட ஆரம்பித்திருக்கிறது. தமிழில் இப்படி ஒரு வகை வருவது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் வாசித்து முடிக்கும்போது ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இது எந்த இளையோருக்கு? அதற்குப் பதில் தேட, இந்த வகை முதலில் எங்கே, யாரால் உண்டானது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் இதை ஆரம்பித்தவர்கள் எழுத்தாளர்கள் இல்லை, பதிப்பாளர்களும் இல்லை. நூலகர்கள். பெரும்பாலும் பெண்கள்.

1925-இல் கிளீவ்லாந்து பொது நூலகம் இளையோருக்கென்று ஒரு தனி அறை திறந்தது. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் பெயரில். 1929-இலிருந்து நியூயார்க் பொது நூலகம் பதின்பருவத்தினருக்கான புத்தகப் பட்டியல் போட ஆரம்பித்தது. அப்போது இளையோர் நாவல் என்று ஒரு வகையே கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது. பட்டியல் போட்டவர்கள் பெரியவர்களுக்கான புத்தகங்களையே படித்துப் பார்த்து, இது பதினாறு வயசுப் பிள்ளைக்கு ஆகும், இது ஆகாது என்று பொறுக்கினார்கள். அலமாரி முதலில் வந்தது, புத்தகம் பிறகு வந்தது. தமிழில் இது தலைகீழாக நடந்துகொண்டிருக்கிறது. புத்தகம் வருகிறது, அலமாரி இன்னும் வரவில்லை.

இந்த நூலகர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் மார்கரெட் எட்வர்ட்ஸ். பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுத்து, அந்த வேலை போய், 1932-இல் பால்டிமோரில் உள்ள ஈனாக் பிராட் நூலகத்தில் சேர்ந்தார். இளையோர் பகுதியில் தனக்குக் கீழே வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் வைத்த நிபந்தனை விசித்திரமானது. முந்நூறு புத்தகம் படித்திருக்க வேண்டும். பத்துப் பத்தாகப் படித்துவிட்டு வந்து அவரிடம் உட்கார்ந்து பேசணும். அதற்கப்புறம்தான் முழுப் பொறுப்பு. அட்டவணை போடத் தெரியுமா, எண் வரிசையில் அடுக்கத் தெரியுமா என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். ஒரு பையன் எதிரே வந்து நின்று “ஏதாவது நல்லா இருக்கா?” என்று கேட்டால், அவன் முகத்தைப் பார்த்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுக்கத் தெரியணும். 1940-களில், நூலகத்துக்கு வராத பிள்ளைகளைத் தேடி, காய்கறி வியாபாரிகள் ஓட்டுகிற மாதிரி ஒரு குதிரை வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு பால்டிமோர் தெருக்களுக்குப் போனார். 1969-இல் இந்த அனுபவங்களை ஒரு புத்தகமாக எழுதினார். தலைப்பைத் தமிழில் ‘அழகிய தோட்டமும் மிருகக் கூட்டமும்’ என்று சொல்லலாம். தோட்டம் என்றால் நூலகம். மிருகக் கூட்டம் யார் என்று சொல்லத் தேவையில்லை. அதைக் கிண்டலாகத்தான் வைத்தார். மிருகங்கள் உள்ளே வரட்டும் என்பதுதான் அவர் கட்சி.

அவருடைய பெயரில் இரண்டு விருதுகள் இருக்கின்றன. ஒன்று 1988-இலிருந்து இளையோர் எழுத்தாளர்களுக்குக் கொடுக்கப்படுவது. இன்னொன்று ‘அலெக்ஸ்’. அது 1998-இல் தொடங்கியது. பெரியவர்களுக்காக எழுதப்பட்ட, ஆனால் பதின்பருவத்தினர் கைக்குப் போக வேண்டிய பத்துப் புத்தகங்களுக்கு ஒவ்வொரு வருஷமும் கொடுக்கிறார்கள். இந்த இரண்டாவது விருதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

முதல் எட்வர்ட்ஸ் விருது எஸ்.இ. ஹிண்டனுக்குப் போனது. ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்ற ஊர்ப் பெண். தன் பள்ளியில் இரண்டு கோஷ்டிகளாகப் பையன்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்து, தன் வயசுக்கு ஏற்ற கதை எதிலும் இது வரவில்லையே என்ற எரிச்சலில் பள்ளி நாட்களிலேயே எழுத ஆரம்பித்தவர். ‘தி அவுட்சைடர்ஸ்’ 1967-இல் வெளியானபோது அவருக்கு 18 வயது. பெண் எழுதியது என்று தெரிந்தால் மதிப்புரைக்காரர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று பெயரைச் சுருக்கி முதலெழுத்துகளாகப் போட்டார்கள்.

அந்த நாவலை இன்று வாசித்தால் பல இடங்களில் மிகையுணர்ச்சி தெரியும். பையன்கள் அடிக்கடி அழுகிறார்கள், சூரிய அஸ்தமனத்தைப் பார்த்து நெகிழ்கிறார்கள். அது ஒரு பதினாறு வயசு ஆள் எழுதியதுதான், மறைக்க முடியாது. ஆனால் அதில் நடந்த ஒரு காரியம் அதற்கு முந்திய சிறார் கதைகளில் அபூர்வம். கதைக்குள் பெரியவர்கள் கிட்டத்தட்ட இல்லை. பதினாலு வயசு போனிபாயின் அப்பா, அம்மா விபத்தில் இறந்துவிட்டார்கள், வளர்ப்பது அண்ணன்கள். கொலை நடக்கிறது, ஓடி ஒளிகிறார்கள், நண்பன் சாகிறான். வந்து சரிசெய்ய ஒரு தாத்தா இல்லை, ஒரு நல்ல வாத்தியார் இல்லை. கடைசியில் போனிபாய் ஆங்கில வகுப்புக்கு ஒரு கட்டுரை எழுத உட்காருகிறான். நாம் படித்து முடித்த நாவலே அந்தக் கட்டுரைதான் என்று புரிகிறது. வாத்தியார் அதற்கு என்ன மதிப்பெண் போட்டார் என்று தெரியாது. நாவல் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

இது படமான கதையிலும் ஒரு நூலகம் வருகிறது. கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ பக்கம் ஒரு பள்ளி நூலக உதவியாளரும் அந்தப் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவுக்குக் கடிதம் எழுதினார்கள், இதை நீங்கள் படமெடுக்க வேண்டும் என்று. பிள்ளைகள் கையெழுத்துப் போட்ட கடிதம். ‘காட்ஃபாதர்’ எடுத்த மனுஷன் அதை மதித்து எடுத்தார், 1983-இல் வந்தது.

ஹிண்டனை விட எனக்கு முக்கியமான ஆள் ராபர்ட் கார்மியர். மாசசூசெட்ஸில் ஒரு சின்ன ஊர்ப் பத்திரிகையாளர். அவருடைய மகன் படித்த பள்ளியில், நிதி திரட்ட மாணவர்கள் சாக்லேட் விற்க வேண்டும் என்றார்கள். பையன் விற்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். ஒன்றும் ஆகவில்லை, பள்ளியும் விட்டுவிட்டது. ஆனால் விடாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்து ‘தி சாக்லேட் வார்’ பிறந்தது. 1974-இல் வந்தது. இளையோருக்கென்று நினைத்து எழுதவில்லை. எழுதி முடித்தபிறகு, அவருடைய இலக்கிய முகவர் மேரிலின் மார்லோதான் இது இளையோர் நாவல் என்றார். அவரேதான் ஹிண்டனுக்கும் முகவர்.

கதை எளியது. கத்தோலிக்க ஆண்கள் பள்ளி. தலைமைப் பொறுப்பில் தற்காலிகமாக இருக்கிற பிரதர் லியோன் இருபதாயிரம் பெட்டி சாக்லேட்டை வாங்கிப் போட்டுவிட்டார், ஒவ்வொரு மாணவனும் ஐம்பது விற்கணும். பள்ளிக்குள் ஒரு ரகசிய மாணவர் கூட்டம் இருக்கிறது, அதன் மூளை ஆர்ச்சி என்ற பையன். யாரை எப்படி அவமானப்படுத்தலாம் என்று திட்டம் போடுவது அவன் கலை. பிரதர் லியோனுக்கும் இந்தக் கூட்டத்துக்கும் ஒரு சொல்லப்படாத ஒப்பந்தம். புதிதாகச் சேர்ந்த ஜெர்ரி, அம்மாவை அண்மையில் இழந்தவன், தினமும் பெயர் வாசிக்கும்போது ‘விற்கமாட்டேன்’ என்கிறான். முதலில் ஆர்ச்சி கூட்டத்தின் உத்தரவுப்படி. உத்தரவு முடிந்த பிறகும் ‘மாட்டேன்’ என்கிறான். ஏன் என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. நாவலின் மொத்த பலமும் இந்தத் தெரியாமையில்தான் இருக்கிறது. ஒரு தமிழ்க் கதையாக இருந்தால் அவனுக்கு ஒரு கொள்கை இருந்திருக்கும். அதை நாலு பக்கம் பேசியிருப்பான்.

முடிவில் ஜெர்ரி தோற்கிறான். மைதானத்தில், மொத்தப் பள்ளியும் சீட்டு வாங்கிப் பார்க்க, அடித்து நொறுக்கப்படுகிறான். தன் நண்பனிடம், எதிர்க்காதே, அவர்கள் சொல்வதைச் செய்துவிட்டுப் போ என்று சொல்ல நினைக்கிறான், வாய் ஓடாததால் சொல்லவும் முடியவில்லை. ஆர்ச்சிக்கு ஒரு தண்டனையும் இல்லை. தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்த பிரதர் லியோன் அவனைக் காப்பாற்றியும் விடுகிறார். இந்த முடிவை மாற்றினால் போடுகிறோம் என்ற பதிப்பகங்களிடம் கார்மியர் மாட்டேன் என்றார். ஒருவகையில் அவரும் சாக்லேட் விற்க மறுத்தவர்தான். பிறகு பல ஆண்டுகள் பள்ளிகளிலிருந்து இதை நீக்கச் சொல்லிப் புகார்கள் வந்தன. 2000-லிருந்து 2009 வரை அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்த புகார்ப் பட்டியலில் மூன்றாவது இடம் இந்த நாவலுக்கு. முதலிடம் ஹாரி பாட்டர்.

புகார் கொடுத்தவர்கள் கெட்ட வார்த்தை என்றார்கள், பாலியல் குறிப்பு என்றார்கள். எனக்கென்னவோ உண்மையான காரணம் அதுவல்ல என்று படுகிறது. பள்ளியில் அதிகாரமும் ரவுடித்தனமும் கைகோத்து நிற்கும் என்பதைப் பிள்ளைகள் ஏற்கெனவே அறிந்தவர்கள். அது அவர்களுக்குத் தெரியும் என்பது பெரியவர்களுக்குத் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருக்க வேண்டும். கார்மியர் அந்த நாடகத்தைக் கலைத்துவிட்டார். அதனால் பிள்ளைகளுக்கு நம்பிக்கை போகுமே என்று கேட்பார்கள். இதற்கு அவர் எழுத்தில் பதில் தேட வேண்டாம், இன்னொரு சம்பவம் போதும். 1977-இல் வந்த அவருடைய ‘ஐ ஆம் தி சீஸ்’ நாவலில் ஏமி என்ற பெண்ணின் தொலைபேசி எண் வருகிறது. அது கார்மியரின் சொந்த வீட்டு எண். படித்த பிள்ளைகள் நாடெங்கிலும் இருந்து கூப்பிட்டு ஏமி இருக்கிறாளா என்று கேட்டார்கள். வீட்டில் யாராவது எடுத்துப் பேசினார்கள். இவ்வளவு இருட்டாக எழுதிய ஒருவர் மறுமுனையில் தன் எண்ணையும் வைத்திருந்தார்.

அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். 2005-இல் ‘ட்விலைட்’, 2008-இல் ‘ஹங்கர் கேம்ஸ்’. நூலகத்தின் ஒரு மூலை உலகச் சந்தையானது. 2012-இல் பௌக்கர் நிறுவனம் எடுத்த கணக்கில், இந்த வகைப் புத்தகங்களை வாங்குகிறவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயதைத் தாண்டியவர்கள். காட்டேரி, அரசாட்சி, முக்கோணக் காதல். இங்கேயும் ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகள் வாசிப்பது இதைத்தான். அதில் நல்லதும் உண்டு, விட்டுவிடுகிறேன்.

சந்தை எடுத்துக்கொண்ட பிறகும் நூலகத்தின் வேலை முடியவில்லை. 2023-இல் மட்டும் 4,240 வெவ்வேறு தலைப்புகளை நீக்கச் சொல்லி அமெரிக்காவில் புகார்கள் வந்ததாக நூலகச் சங்கம் கணக்குச் சொன்னது. கிட்டத்தட்ட பாதி, கறுப்பினத்தவர் உள்ளிட்ட சிறுபான்மையினர் பற்றியோ, தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் பற்றியோ பேசுகிற புத்தகங்கள். 2022 ஏப்ரலில் புரூக்ளின் பொது நூலகம் ஒரு காரியம் செய்தது. நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் 13-லிருந்து 21 வயது வரை உள்ளவர்களுக்கு இலவச மின்னூல் அட்டை. அதே ஆண்டு ஆகஸ்டில், ஹிண்டனின் அதே ஓக்லஹோமாவில், ஓர் ஆங்கில ஆசிரியை தன் வகுப்பறைப் புத்தக அலமாரியைத் தாளால் மூடி, அந்த நூலகத்துக்குப் போகும் க்யூஆர் குறியீட்டை ஒட்டிவைத்தார். வேலையை விட வேண்டி வந்தது. 2024-இல் மாநிலம் அவருடைய ஆசிரியர் உரிமத்தையே ரத்து செய்தது. பதினாறு வயசுப் பெண்ணை நாவல் எழுத வைத்த மாநிலத்தில் பதினாறு வயசுப் பிள்ளைக்கு நாவலுக்கு வழி காட்டியது குற்றமானது.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். இளையோர் இலக்கியம் என்பது கதாநாயகனுக்குப் பதினைந்து வயசு என்பதோ, எளிய மொழி என்பதோ, பக்கம் குறைவு என்பதோ இல்லை. வாசிக்கிற பிள்ளையின் தோளுக்குப் பின்னால் யாரும் நிற்காத புத்தகம் அது. எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேணும். கொடுத்துவிட்டு அந்த ஆள் போய்விடணும்.

இப்போது நம் புத்தகங்களுக்கு வரலாம். 2020-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ மிக முக்கியமான நூல். குழந்தைகள் மீதான பாலியல் சீண்டல் பற்றித் தமிழில் குழந்தைகளிடமே பேசத் துணிந்தது. பேசுகிற மரப்பாச்சி ஒரு சிறுமிக்குத் துணையாக வருகிறது. பத்து வயதுக் குழந்தைக்கு அந்தத் துணை தேவை. அங்கே பெரியவர் கை தோளில் இருப்பது சரி, இருந்தே ஆகணும். 2023-இல் அதே விருது பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ இளையோர் நாவல் என்ற பெயரோடு வந்தது. கீழடியை மையமாகக் கொண்டது. ஒரு தொல்லியல் செய்தி பிள்ளைகளுக்குக் கதையாகிறது, வாசிக்க உற்சாகமாக இருக்கிறது.

இரண்டு தலைப்புகளுக்குப் பின்னாலும் ஒரு பொம்மை இருப்பது தற்செயல். ஆனாலும் என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. பொம்மை பரண் மேல் ஏறிவிட்ட வயசு ஒன்று இருக்கிறதே, அவர்களுக்கு? நம்முடைய இளையோர் நாவல்கள் பெரும்பாலும் ஒரு தகவலை, ஒரு விழிப்புணர்வை, ஒரு பெருமிதத்தை ஒப்படைக்கிற வேலையைச் செய்கின்றன. கீழடி, சூழலியல், சாதி மறுப்பு எல்லாமே நல்ல விஷயங்கள். ஆனால் யாரோ ஒரு மாமா, ஆசிரியர், தாத்தா, அவரும் இல்லையென்றால் ஒரு பொம்மை வந்து விளக்கிவிடுகிறது. ‘ஏன் மாட்டேன் என்கிறேன்னு எனக்கே தெரியல’ என்று ஒரு பையன் நிற்கிற பக்கம் அவற்றில் ரொம்ப அபூர்வம். அதற்கு எழுத்தாளரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தமிழில் இந்தப் புத்தகத்தை வாங்குவது பிள்ளை இல்லை. அப்பாவோ பள்ளியோ வாங்குகிறது. புத்தகக் காட்சியில் பின்னட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு, ‘நல்ல கருத்து இருக்கு’ என்று பையில் போடுகிறார்களே, நாவல் அவர்களைத்தான் முதலில் திருப்திப்படுத்த வேண்டியிருக்கிறது. நூலகம் இடையில் இருந்திருந்தால் பிள்ளையே எடுத்திருக்கும்.

சரி, அதுவரை இந்தப் பிள்ளைகள் என்ன படித்தார்கள்? ஒரு தலைமுறை லெண்டிங் லைப்ரரியில் ராஜேஷ்குமாரையும் ரமணிசந்திரனையும் வாடகைக்கு எடுத்துப் பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படித்தது. சுஜாதாவைப் படித்தது. ‘பொன்னியின் செல்வ’னை லீவில் படித்தது. இப்போது பிரதிலிபி, வாட்பேட், மாங்கா. யாரும் கொடுக்காததைத் தானே தேடி எடுத்துக்கொண்டார்கள். லெண்டிங் லைப்ரரிக்காரர் ஒருவகையில் நம்ம ஊர் மார்கரெட் எட்வர்ட்ஸ். அடுத்த பாகம் வந்திருக்கு என்று எடுத்து வைத்துக் கொடுத்தார், ஏன் படிக்கிறாய் என்று கேட்கவில்லை.

இங்கே தீவிர இலக்கியத் தரப்பிலிருந்து ஒரு மறுப்பு வரும், வழக்கமாக வருவதுதான். “இளையோர் இலக்கியம்லாம் எதுக்கு? நான் பதினாலு வயசுல தஸ்தாயெவ்ஸ்கி படிச்சேன். நேரா பெரிய இலக்கியத்துக்குப் போக வேண்டியதுதானே.” சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் கரையேறியவர். கரையேறியவரைக் கேட்டால் ஆறு ஆழமில்லை என்றுதான் சொல்வார். அவர் கூடப் படித்த நாற்பது பேரில் எத்தனை பேர் இருபது வயதில் புத்தகம் தொட்டார்கள் என்று கேட்டுப்பாருங்கள். தவிர, அவருக்கு அந்த தஸ்தாயெவ்ஸ்கியை யாரோ ஒருவர் கொடுத்திருப்பார். மாமா, நூலகர், தோழர், யாரோ. அந்த ஒருவர் அமையாத பிள்ளையைப் பற்றியது இந்தக் கட்டுரை.

ஆனால் அந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. அலெக்ஸ் விருது அங்கேதான் உதவுகிறது. பதின்பருவத்துக்கென்று எழுதப்படாத, ஆனால் அந்த வயதின் கையில் இருக்க வேண்டிய நாவல்கள் தமிழில் ஏற்கெனவே இருக்கின்றன. நாம்தான் அவற்றை அப்படிப் பார்த்ததில்லை.

அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ 1977-இல் வந்தது. தேசப் பிரிவினை, நிஜாம், ரஜாக்கர்கள் என்று வரலாற்று நாவலாகவே அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம். பக்கத்துக்குப் பக்கம் இருப்பது என்ன? சிக்கந்தராபாத்தில் சந்திரசேகரன் என்ற பையனின் கிரிக்கெட், சைக்கிள், கல்லூரி, பெண்களைப் பார்த்ததும் வருகிற கூச்சம். ஊர் எரிந்துகொண்டிருக்கும்போது அவனுக்கு ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை என்ற வருத்தம். கடைசியில் ஒரு வீட்டுக்குள் அவன் எதிர்கொள்கிற காட்சி, தன் குடும்பத்தைக் காப்பாற்ற அந்தப் பெண் அவன் முன் செய்யத் துணிகிற காரியம், அதைப் பார்த்து அவன் ஓடுவது. ஒரு பையன் ஒரே நிமிஷத்தில் பெரியவனாக நேர்வதை இதைவிடக் குறைந்த சொற்களில் தமிழில் யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. ஆறுதல் சொல்ல அசோகமித்திரன் ஒரு வரிகூட நிற்கவில்லை. நாவல் அங்கேயே முடிகிறது.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ 2000-இல் வந்தது. பண்ணையத்துக்கு விடப்பட்ட சக்கிலியச் சிறுவன் கூளையன். அவனும் வவுறியும் நெடும்பனும் செவிடியும் ஆடு மேய்க்கிறார்கள். காட்டில் அவர்களுக்குத் தனி உலகம் இருக்கிறது. விளையாட்டு, சண்டை, பனம்பழம், ராத்திரி தூக்கம். பண்ணையக்காரர் மகன் செல்வன் காட்டில் கூட்டாளி, வீட்டு வாசலில் எசமான். ஒரே பையன், ஒரே நாளில் இரண்டு ஆள். சாதி என்ற சொல்லை விளக்காமலே அது என்ன செய்யும் என்று ஒரு பிள்ளைக்குக் காட்டுகிற நாவல் இது. வகுப்பில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவன் வீட்டுக்குப் போனபோது திண்ணையோடு நிறுத்தப்பட்ட எந்தப் பிள்ளைக்கும் செல்வனை உடனே தெரியும். கிணற்றில் முடிகிற அந்த முடிவு ‘சாக்லேட் வா’ரின் மைதானத்தைவிடக் கொடியது. அதுவும் யாரையும் சமாதானப்படுத்தவில்லை.

மூன்றாவது சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’, 2004. இதைச் சொன்னால்தான் சண்டை வரும். ராபியா என்ற சிறுமியிலிருந்து தொடங்கி ஒரு ஊரின் பெண்கள் அத்தனை பேரின் படுக்கையறை வரைக்கும் போகிற நாவல். பருவமெய்தியதும் பள்ளி நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டவர் அதை எழுதியவர். அந்த வயதில், அந்தச் சுவருக்குள், புத்தகம் அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்தால், பதினாறு வயதுப் பெண்ணுக்கு இந்த நாவல் ஆகாது என்று சொல்கிற தைரியம் எனக்கு வராது. எல்லாருக்கும் கொடுக்கலாமா? கூடாது. சிலருக்குக் கொடுக்கணும். யாருக்கு என்று தெரிய, கொடுக்கிறவர் நாவலையும் படித்திருக்கணும், அந்தப் பெண்ணையும் தெரிந்திருக்கணும்.

எங்கள் ஊர் நூலகத்தில் நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது நாவல் பகுதிக்குப் போனால், “அது பெரியவங்களுக்குப்பா, அந்தப் பக்கம் போ” என்று அனுப்புவார்கள். அந்தப் பக்கம் என்றால் முயலும் யானையும். அனுப்பிய நூலகர் மோசமானவர் இல்லை. அவர் அந்த நாவல்களைப் படித்ததில்லை, அதனால் பயந்தார். படிக்க நேரமும் இல்லை. ஒற்றை ஆளாகப் பதிவேடும் எழுதி, வந்த பருவ இதழ்களுக்கு முத்திரையும் குத்தி, கூட்டிப் பெருக்கிப் பூட்டுகிற ஊர்ப்புற நூலகரிடம் முந்நூறு புத்தகம் படிக்கச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

இத்தனைக்கும் இது ரங்கநாதன் பிறந்த மண். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்று 1931-இலேயே நூலக விதி எழுதியவர் சீர்காழிக்காரர். சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில், 1948-இல். வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். 2010-இல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். கட்டடத்துக்குக் குறைவில்லை. இரண்டிலும் குழந்தைகள் பகுதி கண்ணைப் பறிக்கும்.

ஒரு அலமாரி போதும். தனி அறைகூட வேண்டாம். வயது எழுதி ஒட்ட வேண்டாம், ஒட்டினால் அவர்கள் எடுக்க மாட்டார்கள். மேலே சொன்ன மூன்றோடு கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’, பாமாவின் ‘கருக்கு’, சுந்தர ராமசாமியின் ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’. அப்புறம் வேண்டுமென்றே ராஜேஷ்குமார் இரண்டு, சுஜாதா ஒன்று. மொழிபெயர்ப்பில் நல்லதாக ஒன்று. பத்து வந்துவிட்டது. நாளை காலை எந்த நூலகத்திலும் இந்தப் பத்தில் ஆறேழு பிரதி இருக்கும், மாடியில், நாவல் வரிசையில், பெரிய நாற்காலிக்குப் பின்னால்.

கூளமாதாரியைக் கண்ணுக்கு நேரான தட்டில் வைப்பேன்.